வண்ணாரப்பேட்டை கிரில்லும் கடல் உப்பும்: துரு எடுத்து பெயிண்ட் அடிப்பது பற்றிச் சில குறிப்புகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எந்தத் தெருவில் நடந்தாலும் இதைப் பார்க்கலாம். போன பொங்கலுக்கு அடிச்ச பெயிண்ட் கேட்டில் இன்னும் பளபளன்னு இருக்கும். ஆனால் கேட்டின் கீழ்ப்பட்டையிலும், வெல்டிங் வைத்த மூலைகளிலும், ஜன்னல் கம்பி சிமெண்டுக்குள் இறங்கும் இடத்திலும் பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்பி, அதுக்குக் கீழே பழுப்பாக ஒரு கோடு வடிந்திருக்கும். விரலால் தட்டினால் பொருக்காக உதிரும்.

இதுக்கு ரெண்டு காரணம் சொல்லுவாங்க. ஒண்ணு, "பெயிண்ட்ல முன்ன மாதிரி தரம் இல்லை". இன்னொண்ணு, "பெயிண்டர் தண்ணி மாதிரி கலந்து அடிச்சிட்டுப் போயிட்டான்". ரெண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நான் படித்துத் தெரிந்துகொண்ட வரையில் முக்கியமான காரணம் மூன்றாவது ஒன்று: பெயிண்ட்டுக்கு அடியில் விட்டுவைத்த உப்பு. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. வேதியியல் கொஞ்சம், நாமே செய்யக்கூடிய வேலை நிறைய.

துரு எப்படிப் பிடிக்கிறது

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன். மூணும் சேர்ந்தால் துரு. இது பள்ளிக்கூடப் பாடம். அதில் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. துருப்பிடிப்பது ஒரு மின்சார வேலை. இரும்பின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விழுந்தால், அந்தச் சொட்டுக்குள்ளேயே ஒரு குட்டி பேட்டரி உருவாகிவிடுகிறது. சொட்டின் விளிம்பில் காற்று எளிதாகப் புகுவதால் அங்கே ஆக்சிஜன் அதிகம், நடுவில் குறைவு. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைகிறது, விளிம்பில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி 1920களில் இதைச் சொட்டுச் சொட்டாகச் சோதித்துக் காட்டினார். இன்னைக்கும் பாடப்புத்தகங்களில் அது 'எவன்ஸ் சொட்டு' என்றுதான் இருக்கிறது.

இதிலிருந்து நம்ம கிரில்லைப் பற்றி ஒன்று புரியும். காற்று நன்றாகப் படும் நடுக்கம்பி தப்பித்துக்கொள்ளும். ரெண்டு பட்டை ஒன்றின்மேல் ஒன்று படியும் இடுக்கு, ஸ்க்ரூ தலைக்கு அடிப்பக்கம், சிமெண்ட் விளிம்பு ஆகிய இடங்களில் தண்ணீர் நிற்கும், ஆக்சிஜன் குறையும், இரும்பு கரையும். துரு தொடங்குவது எப்போதும் இடுக்கில்தான்.

இன்னொரு விஷயம், துரு தான் தின்ற இரும்பை விட ரெண்டு மடங்குக்கும் மேல் இடம் அடைக்கும். அதனால்தான் அது பெயிண்ட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. கம்பி நட்ட இடத்தில் சிமெண்ட் வெடிப்பதும் இதே காரணத்தால்தான்.

நம்ம பக்கத்துக் காற்றில் என்ன இருக்கு

வண்ணாரப்பேட்டைக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ராயபுரமும் காசிமேடும்தான். நேர்க்கோட்டில் ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டர். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளை மத்தியானக் கடல் காற்று தூக்கிக்கொண்டு வந்து வீட்டு இரும்பில் படியவைக்கிறது. தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு தங்கிவிடும்.

அந்த உப்பு சும்மா இருக்காது. சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் அளவைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி தண்ணி விட்டுக்கொள்வது இதனால்தான். ஆனால் கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் ஈரப்பதம் அதுக்கும் கீழே போகும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆக, வெயிலில் காய்ந்த மாதிரி தெரியும் கிரில்கூட இங்கே பெரும்பாலும் நுண்ணிய அளவில் ஈரமாகத்தான் இருக்கிறது.

உப்பு மட்டும் போதாது என்று புகை வேறு. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-ல் வந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017 வரை ஓடியது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இன்னும் ஓடுகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கந்தக டை ஆக்சைடு வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். 1930களில் பிரிட்டனில் வெர்னான் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது இது: காற்றில் சிறிதளவு கந்தக டை ஆக்சைடு இருந்தால், ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டியதும் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று எகிறும். உப்பு, புகை, ஈரம் மூணுமே ஒரே இடத்தில் கிடைப்பது நம்ம வடசென்னையில்தான்.

ஒரு விசித்திரத்தைக் கவனித்திருப்பீர்கள். மழை நேராக அடிக்கும் கேட்டை விட, சன்ஷேடுக்குக் கீழே மழையே படாமல் இருக்கும் ஜன்னல் கிரில் சில சமயம் அதிகமாகத் துருப்பிடித்திருக்கும். காரணம் எளிது. மழை உப்பைக் கழுவிவிடுகிறது. மழை படாத இடத்தில் வருஷக்கணக்கில் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. கேட்டின் அடிப்பக்கமும் அப்படித்தான்.

பாம்பனில் நடந்தது

தமிழ்நாட்டில் உப்புக் காற்றோடு இரும்பு நடத்திய பெரிய சண்டை பாம்பன் ரயில் பாலம். 1914 பிப்ரவரியில் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் அடிபட்டும் சரிசெய்யப்பட்டு, நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. அத்தனை வருஷமும் தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் அரித்த பாகத்தை மாற்றுவதும் ஓயவே இல்லை. கடைசியில் தூக்குப் பகுதியின் இரும்பு அரித்துப் பலவீனமானதால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், முழுதும் வெல்டிங் செய்த இணைப்புகள், பாலிசிலாக்சேன் பூச்சு என்று மூன்று வகைப் பாதுகாப்பு செய்திருக்கிறார்கள். இணைப்பை முழுதும் வெல்டிங் செய்தால் நீர் தங்கும் இடுக்கு இருக்காது. எவன்ஸ் சொட்டின் பாடம்தான் இதுவும்.

இந்த மாதிரி ஆய்வுக்கு நம்மிடம் ஒரு நிறுவனமே இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். 'சிக்ரி' என்று சொல்லுவாங்க. மண்டபத்தில் கடலோரத்திலேயே இரும்புத் துண்டுகளை வெளியில் வைத்து அரிமானத்தை அளக்கும் சோதனை மையமும் அதுக்கு உண்டு.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலம் 1890-ல் திறந்தது. ஒரு முனையில் பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் மறு முனையில் ஆரம்பிக்கணும் என்று அதைப் பற்றிப் பழமொழியே உண்டு. 2011-ல் அதை முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய பெயிண்ட் அத்தனையையும் வெறும் இரும்பு தெரியும்வரை எடுத்துவிட்டு, கண்ணாடிச் செதில் கலந்த எபாக்சி பூசினார்கள். பல வருஷம் தாங்கும் என்பது கணக்கு. புது பெயிண்ட்டை விட, அதுக்கு அடியில் செய்த சுத்தம்தான் அங்கே பெரிய வேலை.

முதலில் பார்க்க வேண்டியது: பெயிண்டா, வெல்டிங்கா?

துருவை எடுக்குமுன் இரும்பு மிச்சம் இருக்கா என்று பார்க்கணும். ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும். உளுத்த இடம் மொத்தென்று கேட்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், அல்லது தகடு தகடாகப் பெயர்ந்தால், அதுக்குப் பெயிண்ட் வேலை கிடையாது. பட்டறையில் சொல்லி அந்தத் துண்டை வெட்டி எடுத்து புதுசு வைக்கணும்.

மூணு இடத்தில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. முதலாவது, மாடி பால்கனி கிரில்லும் மொட்டை மாடி கைப்பிடியும் தரையில் நட்ட இடம். குழந்தைகள் ஏறி நிற்பதும் பெரியவர்கள் சாய்வதும் அதை நம்பித்தான். ரெண்டாவது, தண்ணி டேங்க் ஸ்டாண்ட். ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்பினால் ஒரு டன். அந்த எடை நாலு கால்களின் அடியில் இருக்கும் தகட்டில் நிற்கிறது. தண்ணி வழிந்து நனைவதும் அதே இடம்தான். மூணாவது, வெளிப்பக்க இரும்பு மாடிப்படி. இந்த மூன்றிலும் உளுத்த இடத்தின் மேல் பட்டி அடைத்து, தேய்த்து, பளபளன்னு பெயிண்ட் அடிப்பது ஆபத்தை மூடி வைப்பதுதான். வாடகை வீடு என்றால் ஓனரிடம் சுத்தியலால் தட்டிக் காட்டுங்கள். வாயால் சொல்வதை விட அந்தச் சத்தம் நல்லாப் புரியும்.

பழைய பெயிண்ட்டில் ஈயம்

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. பழைய கிரில்லைச் சுரண்டினால் மேலே பச்சையோ நீலமோ, அடியில் சில சமயம் பளிச்சென்ற ஆரஞ்சு நிற அடுக்கு தெரியும். அது சிவப்பு ஈயம் கலந்த பிரைமராக இருக்கலாம். துருவைத் தடுப்பதில் அது கெட்டி. அதனால் உலகம் முழுக்கப் பாலத்துக்கும் கப்பலுக்கும் அடித்தார்கள். மேலே அடித்த மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களிலும் நிறத்துக்காக ஈயச் சேர்மங்கள் இருந்தன.

இந்தியாவில் வீட்டு பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016 நவம்பரில் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆக, அதுக்கு முன்னால் அடித்த எனாமல் எதிலும் ஈயம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை அது அவ்வளவு தொந்தரவு இல்லை. மிஷினில் கப் பிரஷ் மாட்டி அரைத்துத் தூசியாக்கும்போதுதான் பிரச்சினை. அந்தத் தூசி தரையில் படியும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டும், வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்காத அளவு என்று ஈயத்துக்கு ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எனவே:

- பழைய பெயிண்ட்டை உலர்ந்த நிலையில் மிஷின் போட்டு அரைக்காதீங்க. தண்ணி தெளித்து ஈரமாக்கி, சுரண்டியாலும் தண்ணியில் தேய்க்கும் எமரி பேப்பராலும் எடுங்க.
- தீ ஊதி எரித்து எடுக்கவே கூடாது. ஈயம் புகையாக வரும்.
- கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, விழும் செதில்களை அப்படியே சுருட்டிக் கட்டி எடுங்க. துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைங்க.
- துணி மாஸ்க் போதாது. நுண்தூசியைத் தடுக்கும் என்95 மாஸ்க் கடையில் கிடைக்கும்.
- குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்றைக்கு வேறு எங்காவது இருக்கட்டும். வேலை செய்த சட்டையைத் தனியாகத் துவைங்க.

வேலைக்கு வரும் பெயிண்டருக்கும் இதெல்லாம் பொருந்தும். நமக்கு இது ரெண்டு நாள். அவருக்கு வருஷம் முழுக்க இதே வேலை.

துருவை எடுக்கும் வழிகள்

பெரிய கேட், கிரில்லுக்குக் கை வேலைதான். உதிரும் துருவைச் சுரண்டியால் தள்ளி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு எமரி. மேலே மினுமினுக்கும் துரு போனால் போதாது. குழிகளுக்குள் கருப்பாக ஒட்டிக்கொண்டு இருப்பதும் போகணும். பழைய பெயிண்ட் எங்கெல்லாம் கெட்டியாகப் பிடித்திருக்கோ அங்கே அதை எடுக்க வேண்டியதில்லை. விளிம்பை மட்டும் சரிவாகத் தேய்த்து விட்டால், புது பூச்சு அதன் மேல் படி தெரியாமல் உட்காரும்.

நம்ம ஊரில் சுலபமான வழி என்று செய்வது பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுவது. அஞ்சு நிமிஷத்தில் துரு கரைந்து இரும்பு பளபளக்கும். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளோரைடு, அதாவது கடல் உப்பு செய்யும் அதே வேலையைச் செய்யும் பொருள், குழிகளுக்குள் தங்கிவிடும். மறுநாளே அந்த இடம் மஞ்சளாகப் பூக்கும். கடலிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்கள் கடலை வீட்டுக்கே கொண்டுவருவது மாதிரி இது. வேண்டவே வேண்டாம்.

அமிலம்தான் வேணும் என்றால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அது துருவைக் கரைப்பதோடு இரும்பின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தை விட்டுச்செல்லும். பெயிண்ட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். தில்லி இரும்புத் தூணும் ஒரு வகையில் இந்தக் கதைதான். சுமார் 1600 வருஷமாக நிற்கும் அந்தத் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே காக்கும் படலம் உருவானது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆய்வு செய்து விளக்கினார். தில்லியின் வறண்ட காற்றும் அதுக்கு உதவியது. அதைத் தூக்கிக் காசிமேட்டில் நட்டால் இப்படி நிற்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது 'ரஸ்ட் கன்வர்ட்டர்'. துருவின் மேல் தடவினால் கருப்பாக மாறும். அதில் முக்கியமான சரக்கு டானின். இது நமக்கு ரொம்பப் பழசு. கலம்காரித் துணியில் வரும் கருப்பு நிறம் எப்படி வருதுன்னு கேட்டால், பழைய இரும்பை வெல்லத் தண்ணியில் ஊறவைத்து எடுத்த கரைசலை, கடுக்காயில் நனைத்துக் காய வைத்த துணி மேல் தீட்டுவார்கள். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து கரையாத கருப்பாகும். கன்வர்ட்டர் இரும்பின் மேல் செய்வதும் அதேதான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர் வாங்கிய பேட்டை இது. துணியில் இரும்புக் கறை ஏன் போகாது என்பதை இங்கே இருந்தவர்கள் வேதியியல் இல்லாமலே அறிந்திருப்பார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்க: கன்வர்ட்டர் மெல்லிய, கெட்டியாக ஒட்டிய துருவுக்குத்தான். பொருக்குத் துரு மேல் தடவினால் மேல்தோல் மட்டும் கருக்கும், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

கீல், தாழ்ப்பாள், பழைய பூட்டு மாதிரி சின்னச் சாமான்களுக்கு ரெண்டு வழி. ஒன்று, வினிகரிலோ புளித்தண்ணியிலோ ஒரு ராத்திரி ஊறவைத்து, தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணியில் அலசி உடனே துடைத்துக் காயவைப்பது. இன்னொன்று மின்சார முறை. ஒரு பிளாஸ்டிக் பக்கெட் தண்ணியில் மூணு நாலு கரண்டி சலவைச் சோடா கலக்கணும். வண்ணார்கள் வெள்ளாவிக்குப் பயன்படுத்திய உவர்மண்ணில் இருந்த அதே சோடாதான். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையைத் துருப்பிடித்த சாமானிலும், பிளஸ் முனையை ஒரு வேண்டாத இரும்புத் துண்டிலும் மாட்டி, ரெண்டும் தொடாமல் முக்கணும். சில மணி நேரத்தில் துரு இளகிவிடும். நல்ல இரும்பு தேயாது. ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில், தீ இல்லாத இடத்தில் செய்யணும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் மாட்டவே கூடாது, விஷமான குரோமியம் கரையும். சோடாவுக்குப் பதில் உப்பும் போடக் கூடாது, குளோரின் வரும். சார்ஜரை அணைத்த பிறகுதான் தண்ணியில் கை வைக்கணும்.

தோசைக்கல், அரிவாள்மனைக்கெல்லாம் பெயிண்ட் கதை கிடையாது. தேய்த்து, காயவைத்து, எண்ணெய் தடவினால் போதும்.

உப்பைக் கழுவுவது

பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் படிதான். துருவை எடுத்த பிறகும் குழிகளின் அடியில் குளோரைடு இருக்கும். இரும்பு கரையும் இடத்தை நோக்கி அது தானாகவே நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும் குணம் உடையது. அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும், பெயிண்ட் வழியாக மெல்ல ஊடுருவும் ஈரத்தை அந்த உப்பு உறிஞ்சும். கொப்புளம் கிளம்பும்.

அதனால் துரு எடுத்ததும் நல்ல தண்ணியால், பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெண்டு மூணு முறை கழுவணும். நல்ல தண்ணி என்று அழுத்திச் சொல்கிறேன். வடசென்னையில் பல வீடுகளின் போர் தண்ணி உப்பு; கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிய பகுதி இது. அதால் கழுவினால் எடுத்த உப்பைத் திருப்பி வைத்த மாதிரி. மெட்ரோ வாட்டர்தான் சரி. 2010-ல் மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் தொடங்கிய நாளைக்கு 10 கோடி லிட்டர் ஆலை கடல்நீரிலிருந்து உப்பை எடுத்துத் தருகிறது. அந்தத் தண்ணியைக் கொஞ்சம் நம்ம கிரில்லில் படிந்த உப்பை எடுக்கவும் செலவழிக்கலாம்.

சோதனை எளிது. கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் காயவிடுங்கள். சில மணி நேரத்தில் குழிகளில் மட்டும் புதுசா ஆரஞ்சுப் புள்ளிகள் பூத்தால் அங்கே உப்பு இன்னும் இருக்கு. மறுபடி தேய்த்துக் கழுவுங்கள். பூக்காமல் இருந்தால், பழைய பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பில் மட்டும் எமரியால் லேசாக ஒரு தேய்ப்பு, தின்னர் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. பிரைமர் அன்றைக்கே போகணும். ராத்திரி தாண்டினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பிரைமர்

கடையில் போய் பிரைமர் என்றால் ரெட் ஆக்சைடு கொடுப்பார்கள். அதில் இருக்கும் சிவப்பு நிறமி இரும்பு ஆக்சைடு, ஒரு வகையில் துருவேதான். அது மட்டும் துருவைத் தடுக்காது. மேல் பூச்சுக்குப் பிடிமானம் தரும், கொஞ்சம் மறைப்பாக நிற்கும், அவ்வளவுதான். நிஜமாகத் தடுப்பது அதோடு சேரும் துத்தநாகச் சேர்மங்கள். ஜிங்க் குரோமேட் நல்லாத் தடுக்கும், ஆனால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய குரோமியம் கொண்டது. அதுக்குப் பதிலாக ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இருக்கா என்று கேட்டு வாங்குங்க. டின்னில் எழுதியிருப்பதைப் படித்தால் தெரிந்துவிடும்.

புது கிரில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டறையிலிருந்து வரும்போதே ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்துத்தான் வரும். ஆனால் பெரும்பாலும் அது புது இரும்பின் நீலக் கருப்பு ஓட்டின் மேலும், வெல்டிங் கசடின் மேலும் அடித்தது. அந்த ஓடு விரிசல் விட்டால் பெயிண்ட்டும் சேர்ந்து கிளம்பும். கட்டட வேலை முடியும்வரை அதே ஒரு கோட்டோடு மாசக்கணக்கில் மொட்டை மாடியில் கிடக்கும் கிரில் உப்பை நிறையக் குடித்திருக்கும். அடிக்குமுன் வெல்டிங் மணிகளைத் தட்டி எடுத்து, தேய்த்து, கழுவி, பிரைமரை மறுபடி அடிப்பதே நல்லது.

ஜி.ஐ. பைப், ஜி.ஐ. தகடு வேறு ஜாதி. அதன் மேல் துத்தநாகம் பூசியிருக்கும். எனாமலை நேராக அடித்தால் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பு மாதிரி ஒரு அடுக்கு உண்டாகி, வாழைத்தோல் மாதிரி உரியும். அதுக்கென்று இருக்கும் எட்ச் பிரைமர் அடித்துவிட்டுத்தான் மேல் பூச்சு.

மேல் பூச்சு

எனாமல் ஒரு கோட் காய்ந்தால் சுமார் 25, 30 மைக்ரான் வரும். தலைமுடியில் பாதி கனம்கூட இல்லை. கடலோரத் தொழிற்பகுதி இரும்புக்கு உலகத் தரக்குறிப்புகள் 200 மைக்ரானுக்கு மேல் கேட்கின்றன. வீட்டுக் கேட்டுக்கு அவ்வளவு முடியாது. ஆனால் ரெண்டு கோட் பிரைமர், ரெண்டு கோட் எனாமல் என்பது குறைந்தபட்சம். தடியாக ஒரே கோட் அடித்தால் மேலே தோல் கட்டும், உள்ளே காயாது.

பெயிண்ட் கூரிய விளிம்பில் தங்காது, ரெண்டு பக்கமும் வழிந்து விலகி மெலிந்துவிடும். துரு ஓரத்தில் ஆரம்பிக்க இதுவும் ஒரு காரணம். தீர்வு, முதலில் சின்ன பிரஷ்ஷால் ஓரம், வெல்டிங், ஸ்க்ரூ, இடுக்கு எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு கோட் கொடுத்துவிட்டு, பிறகு முழுசாக அடிப்பது. கப்பல் பட்டறைகளில் இதைக் கண்டிப்பாகச் செய்வார்கள். அரைமணி நேர வேலைதான்.

சில்வர் பெயிண்ட்டை ஏளனம் செய்ய வேண்டாம். அதில் இருக்கும் அலுமினியச் செதில்கள் ஓட்டு வீட்டு ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஈரத்துக்கு வழியைச் சுற்றுப்பாதையாக்கும். டேங்க் ஸ்டாண்டுக்கும் பைப்புக்கும் நல்ல தேர்வு. அடியில் பிரைமர் இருக்கணும்.

வெறும் இரும்புவரை எடுத்துவிட்டவர்கள் எபாக்சி பிரைமரும் மேலே பாலியூரிதேனும் அடிக்கலாம். ரொம்ப நாள் தாங்கும். எபாக்சியை வெயிலில் தனியாக விட்டால் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். அதனால்தான் மேலே இன்னொன்று. ஆனால் பழைய எனாமல் மிச்சம் இருந்தால் இதை அடிக்காதீங்க. காட்டமான தின்னர் அடியில் இருப்பதைச் சுருக்கி எழுப்பிவிடும். எனாமலுக்கு டர்பன்டைன் வகை தின்னர் போதும், கடைக்காரர் கையில் கிடைத்த என்.சி. தின்னர் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

எப்போது அடிப்பது

நம்ம வழக்கத்துக்கும் வேதியியலுக்கும் நேர் மோதல் இங்கேதான். தீபாவளிக்கு முன்னால் அடிப்போம், அது மழைக்காலம். பொங்கலுக்கு முன்னால் அடிப்போம், அது மார்கழிப் பனி. காலையில் கேட்டைத் தொட்டால் கை நனையும். தொழில்முறை விதி ஒன்று இருக்கு: பனி படியும் வெப்பநிலையை விட இரும்பு குறைந்தது 3 டிகிரியாவது அதிகச் சூடாக இருக்கணும். மார்கழி விடியலில் அது நடக்காது. கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல் பிரைமர் உட்காரும்.

மாசி, பங்குனி சரியான காலம். காலை எட்டரை, ஒன்பது மணிக்கு இரும்பு காய்ந்த பிறகு ஆரம்பித்து, கடல் காற்று பலமாக வீசுமுன் முடிக்கணும். சாயங்காலம் அடித்த பெயிண்ட் காய்வதற்குள் உப்பும் ஈரமும் அதில் ஒட்டும். சித்திரை வெயிலில் இரும்பு சுடும்போதும் வேண்டாம், பெயிண்ட் பரவுமுன்னே இழுத்துக்கொள்ளும். பண்டிகைக்குத்தான் அடிக்கணும் என்றால் சுவரை அடியுங்க. இரும்பை மாசிக்கு விட்டுவிடுங்க.

அதுக்கப்புறம்

பெயிண்ட் அடித்து முடித்ததும் செய்ய வேண்டியது ரெண்டே ரெண்டு. மாசம் ஒரு தடவை, மழை படாத கிரில்களை ஒரு குடம் மெட்ரோ தண்ணியும் பழைய துணியும் கொண்டு துடைத்துவிடுங்க. படிந்த உப்பு கரைந்து போகும். இந்த ஒரு வேலை பெயிண்ட்டின் ஆயுளை எவ்வளவு நீட்டும் என்பது பக்கத்து வீட்டுக் கிரில்லோடு ஒப்பிட்டால் தெரியும்.

ரெண்டாவது, வருஷம் ஒரு முறை, மழை முடிந்த தை மாசத்தில், ஒரு சுற்று பார்வை. கீல், மூலை, சிமெண்ட் விளிம்பு. பத்து காசு அளவு துரு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, கழுவி, மாசியில் பிரைமரும் பெயிண்ட்டும் வைத்துவிடுங்க. கம்பி சிமெண்டுக்குள் இறங்கும் இடத்தில் தண்ணி தேங்காதபடி வெளிச்சரிவாகச் சிமெண்ட் பூசி, மேலே சீலண்ட் ஒரு வரி இழுக்கலாம். பத்து காசு அளவில் அரை மணி நேரத்தில் முடிவது, உள்ளங்கை அளவானால் ஒரு நாள் வேலை. அதுக்கும் மேலே போனால் வெல்டிங். அதையும் தாண்டினால் காயிலாங்கடைக்குத்தான்.